கயல்விழிக்கு 25 பைட்

நேற்று இரவு பதினொன்றரைக்கு என் மதிப்பெண் பதிவேடு நிரல் ஓடி முடிந்து, ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது. மூன்று வாரமாக அதற்காகத்தான் காத்திருந்தேன். முதல் செமஸ்டரில் வரும் சி என்ற நிரல்மொழிப் பாடத்தின் கடைசி லேப் வேலை இது. மாணவரின் பதிவெண், பெயர், மூன்று பாட மதிப்பெண்கள் ஆகியவற்றை வாங்கி, கோப்பில் சேமித்து, திருத்தி, தரவரிசைப்படி அச்சிட வேண்டும். சொல்லும்போது ஒன்றுமில்லாத வேலை. நோட்டில் குறித்துவைத்த கணக்குப்படி 31 மணி நேரம் போயிருக்கிறது. அதில் 14 மணி நேரத்தை ஒரே ஒரு பெயர் தின்றது. அந்தப் பெயர் கயல்விழி.

மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

கருவிகள்: 64 பிட் லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி, ஜிசிசி (எழுதியதை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர்), ஒரு சாதாரண எடிட்டர், ஜிடிபி (நிரலை நிறுத்திப் பார்த்துப் பிழை தேட), கட்டம் போட்ட நோட்டு ஒன்று. மென்பொருள் எல்லாமே இலவசம். நோட்டு மட்டும் தீர்ந்துபோனது, பைட்டுகளுக்குக் கட்டம் வரைந்தே.

முதல் நாள் வழக்கமான அசம்பாவிதங்கள். தட்டுவதை வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் & குறியை விட்டுவிட்டு 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்டு நிரல் சாகும் பிழை) வாங்கினேன். மதிப்பை வைக்கும் = போட வேண்டிய இடத்தில் ஒப்பிடும் == போட்டு, போட்ட மதிப்பெண் எங்கே போனது என்று தேடினேன். ஜிசிசி-யில் பல எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் ஒரு தெரிவு இருக்கிறது. 'டபிள்யூ ஆல்' என்று பிரித்துப் படிக்க வேண்டியதை நான் வெகுநாள் 'வால்' என்றே படித்து, ஏதோ வால் போல ஒட்டவைக்கிற சமாசாரம் என்று விட்டுவிட்டேன். அதைப் போட்டிருந்தால் இந்த இரண்டையும் கம்பைலரே வரி எண்ணோடு சொல்லியிருக்கும். சரி, அது முதல் நாள்.

இரண்டாம் நாள் 60 மாணவர்களுக்கான அரே, அதாவது அடுத்தடுத்து அடுக்கிய இடங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்ட்ரக்ச்சர் (பல தகவல்களின் ஒரே கட்டு): முதலில் பெயருக்கு 20 சார் (ஒவ்வொன்றும் ஒரு பைட்), அப்புறம் பதிவெண்ணுக்கு ஓர் இன்ட் (4 பைட் முழு எண்), அப்புறம் மதிப்பெண்ணுக்கு மூன்று இன்ட். அளவு சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்தேன், ஒருவருக்கு 36 பைட். 60 பேருக்கு 2160. சோதனைக்கு மணி, நிலா, எழில் என்று மூன்று பெயர்களைக் கொடுத்தேன். கச்சிதமாக வந்தது. நான்காவதாகக் கயல்விழி, பதிவெண் 17, மதிப்பெண்கள் 78, 81, 88.

அச்சிட்டபோது பதிவெண் இருக்க வேண்டிய இடத்தில் -1079058252 என்று வந்தது. பெயர் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அதன் கடைசியில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'என்' ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத் தட்டவே இல்லை. கைதவறியிருக்கும் என்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே எண், அதே 'என்'.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மைனஸ் நூற்றேழு கோடி என்று பார்த்ததும், இன்ட்டின் கொள்ளளவு தாண்டிவிட்டது போல என்று முடிவுகட்டிவிட்டேன். 17 என்ற எண் எப்படிக் கொள்ளளவைத் தாண்டும் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. பதிவெண்ணின் வகையை இன்ட்டிலிருந்து, இன்னும் பெரிய எண் கொள்ளும் லாங்குக்கு மாற்றினேன். உடனே அந்த மைனஸ் எண் காணாமல்போனது, பெயரின் வாலில் இருந்த 'என்' காணாமல்போனது. பதிவெண் மட்டும் 17-க்குப் பதிலாக 0 என்று வந்தது. பாதி சரியாகிவிட்டது, மீதியும் வந்துவிடும் என்று அதே திசையில் இன்னும் இரண்டு மணி நேரம் போனேன். அது பாதி சரியானதே இல்லை. பழைய தப்பு வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

லேப்பில் எங்களுக்கு உதவ வரும் மேல்வகுப்பு அக்காவிடம் திரையைக் காட்டினேன்.

"பெயருக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கே?"

"இருபது, அக்கா. பேரே அஞ்செழுத்துதானே, தாராளமா அடங்கும்."

"அஞ்சுன்னு யார் எண்ணினது? நீ எண்ணாதே. அதையே எண்ணச் சொல்லு."

பெயர் எத்தனை பைட் என்று எண்ணும் ஸ்டர்லென் போட்டு அச்சிட்டேன். 24 என்றது.

முதல் வாரப் பாடத்தில் 'ஒரு எழுத்து, ஒரு சார், ஒரு பைட்' என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன். ஆங்கில எழுத்துக்கு அது சரி. தமிழ், எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் போகிறது. அதில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். குறியீடு என்பதும் நாம் எண்ணுகிற எழுத்தும் ஒன்றில்லை: புள்ளி தனிக் குறியீடு, இகரக் கொக்கி தனிக் குறியீடு. கயல்விழி என்றால் க, ய, ல, புள்ளி, வ, கொக்கி, ழ, கொக்கி. எட்டு. எட்டு மூன்று இருபத்து நான்கு. முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்கு இன்னும் ஒன்று. ஆக 25 பைட் வேண்டிய பெயருக்கு நான் விட்டது 20. மணிக்கு 9, நிலாவுக்கு 12, எழிலுக்கு 15. அதனால்தான் அந்த மூன்றும் வாய் திறக்கவில்லை.

அக்கா போன பிறகு, அந்த மைனஸ் எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எழுந்திருக்க மனசு வரவில்லை. பெயரின் பைட்டுகளை ஒவ்வொன்றாக அச்சிடும் ஒரு லூப் எழுதினேன். எல்லாமே மைனஸில் வந்தன: -32, -82, -76 என்று. என் கணினியில் வெறும் சார் என்பது -128 முதல் 127 வரை போகும் குறியுள்ள வகை. அன்சைன்டு சார் என்று மாற்றியதும் ஒழுங்காக 224, 174, 180 என்று வந்தது. அது ழ. அடுத்து 224, 174, 191, அது கொக்கி.

நோட்டில் கட்டம் போட்டேன். பெயருக்கு உரியவை 0 முதல் 19 வரையான பைட்டுகள். 20 முதல் 23 வரை பதிவெண். 24 முதல் 27 வரை முதல் பாட மதிப்பெண். கயல்விழி 0-இல் தொடங்கி 23 வரை நீள்கிறாள். பதிவெண்ணின் நான்கு கட்டங்களில் அவள் போட்டுவிட்டுப் போனவை 180, 224, 174, 191. இந்தக் கணினி ஒன்றாம் இடத்துக்கான பைட்டை முதலில் வைக்கும் வகை. அதனால் 180, அதோடு 224-ஐ 256-ஆல் பெருக்கி, 174-ஐ 65536-ஆல் பெருக்கி, 191-ஐ 16777216-ஆல் பெருக்கிக் கூட்டினால் 3215909044. இன்ட்டுக்கு இது பெரிய எண், ஆகவே அதிலிருந்து 4294967296-ஐக் கழித்தால் -1079058252. கடைசி இலக்கம் வரை அதே எண்! கால்குலேட்டரில் அது வந்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம், நிரல் சரியாக ஓடியபோதுகூடக் கிடைக்கவில்லை.

'என்' எழுத்தும் அப்போதே பிடிபட்டது. பெயரை முடிக்கும் பூஜ்யம் 24-ஆம் பைட்டில் விழுந்திருந்தது. அது முதல் மதிப்பெண்ணின் இடம். பெயருக்குப் பிறகு நான் 78 என்று மதிப்பெண் கொடுத்தபோது அந்தப் பூஜ்யத்தின் மேல் 78 ஏறியது. ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 78 என்பது பெரிய 'என்'. அடுத்த பைட் பூஜ்யம் என்பதால் பெயர் அங்கே நின்றது. முதல் மதிப்பெண்ணை 65 என்று கொடுத்துப் பார்த்தேன். வாலில் 'ஏ' வந்தது.

லாங் ஆக்கியதும் ஏன் பாதி சரியானது போலத் தெரிந்தது? லாங்குக்கு 8 பைட். 8-ஆல் வகுபடும் முகவரியில்தான் அதைக் கம்பைலர் வைக்கும். 20-இல் வைக்க முடியாமல் நான்கு பைட்டைச் சும்மா விட்டுவிட்டு 24-இல் வைத்தது. கயல்விழியின் மிச்ச நான்கு பைட்டும் அந்தச் சும்மா இடத்தில் விழுந்தன. முடிவுப் பூஜ்யம் மட்டும் பதிவெண்ணின் முதல் பைட்டில் விழுந்து 17-ஐ 0 ஆக்கியது. இந்த முதல் சுற்றுக்கு நான்கு மணி நேரம்.

தீர்வு என்று நான் அடுத்துச் செய்தது இன்னும் மோசம். ஸ்கேன்எஃப்-இல் எத்தனை பைட் வரை வாங்கலாம் என்று எல்லை வைக்க முடியும் என்று படித்தேன். 20-இல் பூஜ்யத்துக்கு ஒன்று போக 19 என்று வைத்தேன். பாதுகாப்பு என்ற அளவில் அது சரிதான், பக்கத்து இடத்தில் இனி எதுவும் ஏறாது. மறுபடி கயல்விழியைக் கொடுத்தேன். மெனு ஒருமுறை தானாகத் திரையில் ஓடியது, பதிவெண் கேட்டது, பதிலுக்குக் காத்திராமல் பெயர் கேட்டது, அதற்கும் காத்திராமல் மதிப்பெண் கேட்டு நின்றது. 78, 81, 88 என்று கொடுத்தேன். பட்டியலை அச்சிட்டால் அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி 'கயல்வி', பின்னால் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி, மதிப்பெண் மூன்றும் 0. இன்னொருத்தியின் பெயரில் இரண்டு கேள்விக்குறிகளும் புள்ளிவட்டத்தின் மேல் ஒரு தனிக் கொக்கியும். பதிவெண் 0. மதிப்பெண்கள் 78, 81, 88.

ஒரே பெண்ணை நடுவில் வெட்டி இரண்டு பேராக்கியிருந்தேன். 19 பைட் என்பது ஆறு குறியீடும் ழ-வின் முதல் பைட்டும். மீதி 5 பைட் உள்ளீட்டு வரிசையிலேயே கிடந்தது. மதிப்பெண் கேட்ட ஸ்கேன்எஃப் அவற்றைப் பார்த்து 'இது எண் இல்லை' என்று தொடாமல் திரும்பியது. மெனு கேட்ட ஸ்கேன்எஃப்-உம் அப்படியே. தேர்வு மாறியில் பழைய 1 அப்படியே இருந்ததால் 'புது மாணவர் சேர்' மறுபடி ஓடியது. பெயர் கேட்ட இடத்தில் அந்த 5 பைட்டும் பெயராக உள்ளே போயின. ஸ்கேன்எஃப் எத்தனை மதிப்புகளை வாங்கியது என்று ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது. அதுவரை நான் அதை ஒருமுறைகூட வாங்கிப் பார்க்கவில்லை. பாடத்தில் சொன்னார்கள். எழுதிக்கூட வைத்திருக்கிறேன்.

இந்தச் சுற்று இரண்டு மணி நேரம். அத்தோடு ஸ்கேன்எஃப்-ஐத் தலைமுழுகினேன். எல்லா உள்ளீட்டையும் எஃப்கெட்ஸ் வழியாக ஒரு முழு வரியாக 256 பைட் இடைக்கிடங்கில் வாங்கி, எண் வேண்டுமானால் அதிலிருந்து பிரித்தெடுப்பது என்று மாற்றினேன். பெயரில் இடைவெளி வந்தால் அங்கேயே நின்றுவிடும் தொல்லையும் இதோடு ஒழிந்தது. இணையத்தில் பழைய பயிற்சிகளில் கெட்ஸ் என்று ஒன்று வரும், அதைத் தொட வேண்டாம். எல்லை என்ற ஒன்றையே அது கேட்காது. சி-யின் 2011 தரநிலையில் அதை மொழியிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் வாரம் கோப்பு வேலை. ஒரு வரியில் பெயர், அடுத்த வரியில் பதிவெண்ணும் மதிப்பெண்களும். கடைசி மாணவர் இரண்டு தடவை வந்தார். கோப்பு முடிந்ததா என்று சொல்லும் ஃபெஆஃப் வைத்து லூப் எழுதுகிற எல்லோருக்கும் இது வரும் போலிருக்கிறது. ஒருமுறை படித்துத் தோற்ற பிறகுதான் அது 'ஆம், முடிந்தது' என்று சொல்லும். எஃப்கெட்ஸ் நல் (ஒன்றுமில்லை) திருப்பினால் நிறுத்து என்று மாற்றினேன், தீர்ந்தது. சராசரியை முழு எண்ணாகவே வகுத்து 82 என்று காட்டியதையும், 3-க்குப் பதில் 3.0 போட்டு 82.33 ஆக்கியதையும் எல்லோரும் செய்திருப்பார்கள்.

வரிசைப்படுத்துவதில் ஒரு தவறு மட்டும் குறித்துவைக்கத் தகுந்தது. கியூசார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டுச் செயற்கூறு ஓர் இன்ட்டைத் திருப்ப வேண்டும். நான் இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை அப்படியே திருப்பினேன். கயல்விழி 82.33, நிலா 82.67. வித்தியாசம் 0.33, இன்ட் ஆனதும் 0. இருவரும் சமம் என்று எடுத்துக்கொண்டு கயல்விழியை நிலாவுக்கு முன்னால் போட்டது. சராசரியை விட்டுவிட்டு மொத்தத்தை ஒப்பிட்டேன்: 247, 248. முழு எண்கள், சிக்கலில்லை. பார், இதிலும் கயல்விழி.

மூன்றாம் வாரம்தான் அசல் வேலை. பெயரின் நீளத்துக்கும் மாணவர் எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அரே போய் லிங்க்டு லிஸ்ட் வந்தது: ஒரு மாணவருக்கு ஒரு கணு, ஒவ்வொரு கணுவும் அடுத்ததைக் காட்டும். ஒவ்வொரு கணுவிலும் பெயருக்கு ஒரு பாயிண்டர் (நினைவிட முகவரி), பதிவெண், மூன்று மதிப்பெண், அடுத்த கணுவுக்கு ஒரு பாயிண்டர். மொத்தம் 32 பைட். பெயருக்கு வேண்டிய இடத்தை மாலாக் போட்டுத் தனியாக வாங்க வேண்டும். அந்த வேலையை ஸ்டர்டப் ஒரே வரியில் செய்துவிடும், 2023 தரநிலையில் அது மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் நாங்களே மாலாக் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

கோப்பிலிருந்து ஏற்றுவது, புதிதாகச் சேர்ப்பது, அச்சிடுவது எல்லாம் ஓடின. கயல்விழியும் ஒழுங்காக வந்து போனாள். கடைசியாகப் பெயர் திருத்தும் பகுதியை எழுதினேன். பழைய பெயரை ஃப்ரீ செய்து (அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்து), புதுப் பெயருக்கு இடம் வாங்கி, நகலெடுப்பது. மணியை எழில் ஆக்கினேன், நிலா ஆக்கினேன், நன்றாக இருந்தது. மணியைக் கயல்விழி ஆக்கினேன். பெயர் மாறியது, பட்டியல் சரியாக வந்தது, கோப்பில் சேமித்தது. வெளியேறு என்று 0 தட்டியதும், செல்லாத பாயிண்டரை ஃப்ரீ செய்கிறாய் என்று ஒரு வரி வந்து நிரல் செத்தது.

கூட வேலை செய்த நண்பன் எட்டிப் பார்த்தான். "கோப்புலதான் சேமிச்சிருச்சே, போற நேரத்துல செத்தா என்னடா, விடு" என்றான். எனக்கும் விட ஆசைதான். ஆனால் நினைவிடத்தில் ஒரு பிழையும் இருக்கக்கூடாது என்பதும் மதிப்பீட்டில் இருந்தது.

கயல்விழி நீளமான பெயர் என்பதால் வருகிறதோ என்று அதைவிட நீளமான பூங்குழலியைக் கொடுத்தேன். ஒன்பது குறியீடு, 27 பைட். ஒரு பிரச்சினையும் இல்லை! 15 பைட் பெயர் ஓடுகிறது, 27 பைட் பெயர் ஓடுகிறது, நடுவில் இருக்கும் 24 பைட் பெயர் மட்டும் கொல்கிறது. செந்தில் என்று கொடுத்தேன், செத்தது. அதுவும் எட்டுக் குறியீடு. அன்றைக்கு இரவு உண்மையிலேயே எட்டு என்ற எண் எனக்கு ராசியில்லை என்று நினைத்தேன்.

ஜிடிபி-யில் ஓட்டினேன். செத்த இடம் இரண்டாவது மாணவரான நிலாவின் கணுவை ஃப்ரீ செய்யும் வரி. அங்கே தோண்ட ஆரம்பித்ததுதான் பெரிய வழித்தவறல். நிலாவின் பாயிண்டர் சரியாக இருந்தது. அடுத்த கணுவுக்கான இணைப்பு சரி. இரண்டு முறை ஃப்ரீ செய்கிறேனா என்று ஒவ்வொன்றையும் அச்சிட்டேன், இல்லை. ஆறு மணி நேரம் நிலாவையே விசாரித்தேன். அவள் பாவம், அடிபட்டவள்.

மறுநாள் பாடக் குறிப்புகளில் ஓர் ஓரத்தில் 'அட்ரஸ் சானிடைசர்' என்ற நினைவிடப் பிழை பிடிக்கும் வசதி கண்ணில் பட்டது. ஜிசிசி-யிலேயே 2013 முதல் இருக்கிறதாம். கம்பைல் செய்யும்போது ஒரு தெரிவைச் சேர்த்தால் போதும், தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. சேர்த்து ஓட்டினேன். வெளியேறும் வரைகூடப் போகவில்லை. மணியைக் கயல்விழி ஆக்கிய நொடியே திரை முழுக்கச் சிவப்பாகக் கத்தியது. அதில் இரண்டே வரி போதுமானதாக இருந்தது: 25 பைட் எழுதப் பார்த்தாய், நீ வாங்கிய இடம் 24 பைட், அதன் விளிம்புக்கு 0 பைட் அப்பால். கூடவே என் கோப்பின் வரி எண்.

திருத்தும் பகுதியில் மாலாக்குக்கு ஸ்டர்லென் சொன்ன 24-ஐ அப்படியே கொடுத்திருந்தேன். +1 இல்லை.

அப்படியானால் கோப்பிலிருந்து ஏற்றும்போது ஏன் வரவில்லை? அங்கேயும் +1 கிடையாது. அந்தப் பகுதியைத் திரும்பப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. எஃப்கெட்ஸ் வரியின் முடிவில் உள்ள புதுவரிக் குறியையும் சேர்த்தே தரும். அங்கே நான் முதலில் நீளத்தை அளந்து இடம் வாங்கிவிட்டு, பிறகுதான் அந்தக் குறியை நீக்கியிருந்தேன். புதுவரிக்காக வாங்கிய ஒரு பைட் முடிவுப் பூஜ்யத்துக்கு உதவியிருக்கிறது. குருட்டு அதிர்ஷ்டம். திருத்தும் பகுதியைப் பின்னால் எழுதும்போது 'இதைச் சுத்தமாக எழுதுவோம்' என்று முதலில் புதுவரியை நீக்கிவிட்டு அப்புறம் அளந்தேன். சுத்தம் செய்ததில் அந்த ஒரு பைட்டும் போனது.

24 மட்டும் ஏன் என்பதற்கு, மாலாக் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்கும் ஒரு செயற்கூறு லினக்ஸில் இருக்கிறது. அதை வைத்து அச்சிட்டேன். 9 கேட்டால் 24 தருகிறது. 15 கேட்டாலும் 24. 24 கேட்டாலும் 24. 27 கேட்டால் 40. எழிலுக்கு 9 பைட் உபரி, பூங்குழலிக்கு 13 உபரி. கயல்விழிக்கும் செந்திலுக்கும் ஒன்றும் இல்லை. அந்த 25-ஆவது பைட்டில், அதாவது பெயருக்கு அடுத்து இருக்கும் நிலாவின் கணுவுக்கு முன்னால், மாலாக் தன் சொந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறது: அந்தத் துண்டின் அளவு 48, அதோடு ஒரு கொடிக்காக 1, மொத்தம் 49. கயல்விழியின் முடிவுப் பூஜ்யம் அதன் மேல் விழுந்து 49-ஐ 0 ஆக்கிவிட்டது. நிலாவை ஃப்ரீ செய்யப் போகும்போது, அளவு 0 உள்ள துண்டா என்று மாலாக்கும் ஃப்ரீயும் அடங்கிய சி நூலகம் கையை விரித்தது.

எட்டு மணி நேரம். திருத்தம், இரண்டு எழுத்து: ஒரு கூட்டல் குறி, ஓர் ஒன்று.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று என்னை வியக்கவைத்தது. ஸ்டர்லென், ஸ்டர்காப்பி எதற்கும் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனாலும் அவை தமிழைச் சிதைக்காமல் நகலெடுக்கின்றன. யூடிஎஃப்-8-இல் எந்த எழுத்தின் உள்ளேயும் பூஜ்ய பைட் வராது. அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். 1992-இல் அதை வடிவமைத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். தாம்சனின் பி மொழியிலிருந்துதான் டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் சி-யை உருவாக்கினார். மூவரும் பெல் லேப்ஸ்காரர்கள். வீட்டு ஆளே செய்த ஒட்டு என்பதால் பொருந்துகிறது போல.

அச்சிடும் பத்திகள் கோணலாக வந்ததை இனிமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. பெயருக்கு 20 இடம் விடச் சொன்னால் பிரிண்ட்எஃப் 20 பைட் என்று எடுத்துக்கொள்கிறது. மணிக்குப் பின்னால் 11 வெற்றிடம் போடும், கயல்விழிக்கு ஒன்றும் போடாது. அகலத்தைச் சரியாகக் கணக்கிட அரை நாள் மல்லுக்கட்டலாம். நான் பெயரைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டேன். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் கோணலும் இல்லை. மதிப்பிட்டவர் இதைக் கவனிக்கவே இல்லை.

முடிந்த நிரல் 286 வரி. சானிடைசரோடு ஓட்டினால் அமைதி. நினைவிடக் கணக்கைச் சரிபார்க்கும் வால்கிரின்ட் வைத்தும் ஓட்டிப் பார்த்தேன், வாங்கிய துண்டுகள் அத்தனையும் திரும்பிவிட்டதாகச் சொன்னது. அதற்கு முன் ஒரு பெயரை ஃப்ரீ செய்யாமல் விட்ட இடம் ஒன்று இருந்தது, அதையும் அதுதான் காட்டியது.

அடுத்த தடவை முதல் நாளே ஒரு மேக்ஃபைல் (கம்பைல் கட்டளைகளை வைக்கும் கோப்பு) எழுதி, 'வால்' தெரிவையும் சானிடைசரையும் அதில் போட்டுவிடுவேன். பத்து நிமிட வேலை. பெயருக்கு இடம் வாங்கி நகலெடுப்பதை ஒரே செயற்கூறாக எழுதி மூன்று இடத்திலும் அதையே கூப்பிடுவேன். மூன்று இடத்தில் மூன்று மாதிரி எழுதியதால்தான் ஒன்றில் தப்பியது, இன்னொன்றில் மாட்டியது. சோதனைப் பெயர்களை மனசுக்குத் தோன்றியபடி எடுக்காமல் பைட் கணக்கில் எடுப்பேன்: 21, 24, 27. அப்புறம், முதல் வாரத்தில் எழுதிய 'ஒரு எழுத்து, ஒரு சார்' என்ற வரியை நோட்டில் அடித்துவிட்டேன். பக்கத்தில் 'எட்டு மூன்று இருபத்து நான்கு, கூட ஒன்று' என்று எழுதியிருக்கிறேன்.

ஒன்று இன்னும் தீரவில்லை. பெயர் வரிசையில் அச்சிட ஸ்டர்கம்ப் போட்டிருக்கிறேன். அது பைட்டை ஒப்பிடுகிறது, பைட், குறியீடுகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடின் வரிசையைப் பின்பற்றுகிறது, யூனிகோடில் ன-வை ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். நம் வரிசையில் ன கடைசி. ஒப்பீட்டுக்கு என் சொந்த அட்டவணை ஒன்று எழுத வேண்டும், புள்ளியை முன்னால் கொண்டுவர வேண்டும், அதற்கு விடுமுறை வர வேண்டும். அதுவரை என் பட்டியலில் கனிக்குப் பின்னால்தான் கபிலன் நிற்கிறான்.